அக்காளின் கிருமியும் தங்கையின் கிருமியும்

நம் ஆய்வகத்தில் எதை எப்படிச் செய்வது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. காற்றுப் புகாத ஜாடியை எப்போது திறக்கலாம், ரத்தம் கலந்த தட்டுகளை எத்தனை நாள் வைக்கலாம் என்பதை நான் எழுதித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஓய்வு பெறும் முன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உதவுவது போல ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். முப்பது வருட வேலையில் உருப்படியாகச் செய்தவையும் சில உண்டு. அவற்றை எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே ஒரு சொல்லைச் சொன்னதும், ஆறு மாதம் கழித்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போனதும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. அதையே எழுதுகிறேன்.

வளர்மதி என்று ஒருத்தி. கட்டுமாவடியில் படகு கரை சேரும் இடத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பக்கத்துக் கட்டடத்துப் பல் மருத்துவமனையில் ஈறு நோய் பார்க்கும் மருத்துவர் என்னை ஃபோனில் கூப்பிட்டு, "மாதிரி எடுக்க ஆள் அனுப்பாதீங்க, நீங்களே வாங்க, இந்த வாயை நீங்க பாக்கணும்" என்றார். போனேன். கீழ் முன்பற்கள் நான்கும் நாக்கு பட்டாலே அசைந்தன. எக்ஸ்ரேயில், பல்லைப் பிடித்திருக்க வேண்டிய எலும்பு பாதிக்கு மேல் இல்லை. அவளுக்குச் சர்க்கரை இல்லை. புகையிலை, வெற்றிலைப் பழக்கமும் இல்லை.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். "ஏலத்துல சத்தமாக் கேட்டாத்தாங்க மீனு நம்ம பக்கம் வரும். வாயத் தொறக்கக் கூச்சமா இருக்கு. இப்பல்லாம் கையத் தூக்கித்தான் கேக்குறேன். கண்டும் காணாத மாதிரி அடுத்த ஆளுக்கு முடிச்சுர்றாங்க."

துணைக்கு வந்திருந்த தங்கை கனகாவுக்கு அவளைவிட ஐந்து வயது குறைவு. பி.காம் முடித்துவிட்டு அறந்தாங்கியில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். "இவளுக்கும் பாத்துருங்க" என்று அக்காள்தான் கேட்டுக்கொண்டாள். கனகாவின் ஈறு இளஞ்சிவப்பாக, இறுக்கமாக, குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதால் இருவரின் ஈறிலிருந்தும் மாதிரி எடுத்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டும்படி மருத்துவர் இருவரிடமும் சொல்லி அனுப்பினார்.

பத்து நாள் கழித்து இரண்டு பேருடைய மாதிரியையும் வளர்த்த தட்டுகளில் ஈறு நோய்க் கிருமியின் அந்தக் கரிய புள்ளிகள் வளர்ந்திருந்தன. அந்த நாற்றம் உங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். இருவர் வாயிலும் இருந்தது ஒரே கிருமி. ஒருத்திக்கு எலும்பு கரைகிறது, மற்றவளுக்கு ஈறில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. எனக்கு அன்றைக்கே வெறி பிடித்துவிட்டது.

வீட்டில் உங்களுடையவர்கள் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இந்தக் கிருமி தன் மேல்தோலிலிருந்து மிக நுண்ணிய குமிழிகளைக் கிள்ளி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நாம் வெசிக்கிள் என்று சொல்வது அதைத்தான். அந்தக் குமிழிக்குள் பலவிதமான புரதங்கள் இருக்கும். ஈறை அறுக்கும் நொதிகளும் அதில்தான் போகும். கிருமியால் நுழைய முடியாத இடுக்கிலும் குமிழி நுழைந்துவிடும். ஒரே கிருமியிலும் வகைகள் உண்டு. வகைக்கு வகை குமிழிக்குள் இருக்கும் சரக்கு மாறும். அக்காள் வாயில் இருந்த வகையும் தங்கை வாயில் இருந்த வகையும் குமிழிக்குள் என்னென்ன வைத்து அனுப்புகின்றன என்று பார்த்தால், ஒருத்திக்கு ஏன் பல் ஆடுகிறது, மற்றவளுக்கு ஏன் ஆடவில்லை என்பது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இப்போதும் அது நல்ல கேள்விதான்.

வேலையைச் செய்தது அருள்செல்வி. ஆவூர்க்காரி, ஆசிரியர் வீட்டுப் பெண். என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து மூன்றாவது வருடம். அதிகம் பேச மாட்டாள். பேசவேண்டியதை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுவாள்.

குமிழிகளைப் பிரித்தெடுக்கும் சென்ட்ரிஃபியூஜ் நம்மிடம் அப்போது கிடையாது. திருச்சியில் ஒரு கல்லூரியில் ஒரு நாள் கேட்டு வாங்கியிருந்தேன். அந்த ஒரு நாளை விட்டால் அடுத்து எப்போது கிடைக்கும் என்று தெரியாது. வளர்ப்புக் குடுவையில் வளர்மதியின் கிருமி வேகமாக வளர்ந்தது. கனகாவுடையது மெதுவாக வளர்ந்தது. குறித்த நாளுக்கு முந்தைய நாளே அருள்செல்வி வந்து நின்றாள்.

"மேடம், வளர்மதியோடது நேத்தே நெறைஞ்சிருச்சு. அத மட்டும் இப்ப எடுத்து வச்சிரட்டுமா?"

"எடுத்து வச்சா கெட்டுப்போகும். கனகாவோடதும் நெறையட்டும். ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்தாத்தான் நியாயம்."

ஒரே நேரம் என்பது கடிகாரத்தின் நேரமா, கிருமியின் வயதா என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. வாடகை வண்டிக்காரர் காலை ஆறு மணிக்கு வருவாரா என்பதில்தான் என் கவலை எல்லாம் இருந்தது. அவள் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திருச்சியில் பிரித்தெடுத்த குமிழிகளில் உள்ள புரதங்களை அடையாளம் காண, அவற்றை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு ஒரு புதன்கிழமை மின்னஞ்சலில் வந்தது. வளர்மதி கிருமியின் பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டது. ஈறை அறுக்கும் நொதிகள் மேலேயே நின்றன. கனகாவின் பட்டியல் ஒரு பக்கத்தோடு முடிந்துவிட்டது. நான் அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை வளர்மதி ஈறு சுத்தம் செய்துகொள்ள வந்தாள். கூடக் கனகா வந்திருந்தாள். அறிமுகமில்லாத இரண்டு பேரும் வந்திருந்தார்கள். திருவரங்குளத்தைச் சேர்ந்த கமலம் என்ற அம்மாளும் அவருடைய மகனும். கனகாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள். மருத்துவர் உள்ளே வேறொரு நோயாளியோடு இருந்தார். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். கமலம் நேராக என்னிடம் வந்தார்.

"நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேங்க. பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. அக்காவுக்கு இந்த வயசுல இப்படி இருக்கே, நாளைக்கு இந்தப் பொண்ணுக்கும் வருமா? அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும்."

மருத்துவர் வெளியே வரும்வரை உட்காருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பல் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆய்வுக்காக ஒருவரிடம் வாங்கிய மாதிரியின் முடிவை அவரிடமே சொல்லிவிடக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பையில் பட்டியல் இருந்தது. கனகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வளர்மதி முந்தானையை வாயில் வைத்தபடி என்னையே பார்த்தாள். தன்னால் தங்கையின் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் அந்தப் பார்வையில் இருந்தது. எனக்கு அவள்மீது இரக்கமாக இருந்தது. இரக்கத்தோடு பெருமையும் கலந்திருந்தது என்று இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். "கிருமி சும்மா இருக்காதுங்க. சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி வெளியில விடும். அக்காவோட கிருமி விடுற பொட்டலத்துல ஈறை அறுக்குற சாமான் ஏராளமா இருக்கு. தங்கச்சியோடது சாது. அதுல ஒண்ணுமே இல்ல."

"அப்ப இந்தப் பொண்ணுக்கு வராது?"

"வராது."

வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கமலம் அந்தச் சீட்டை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைக்க இரண்டு சகோதரிகளுமே வந்தார்கள். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கார்த்திகை மாதம் இருக்கும். அருள்செல்வி என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"சொல்லு."

"வளர்மதி லிஸ்ட்ல பாதிக்கு மேல ரைபோசோம் புரதமா இருக்கு. அது செல்லுக்கு உள்ள இருக்குறது. குமிழில இவ்வளவு எப்படி மேடம் வரும்?"

"மத்தவங்க பேப்பர்லயும் வருதே."

"வருது மேடம். ஒண்ணு ரெண்டு வருது."

அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் இந்த முடிவை நான் பேசுவதாக இருந்தது. அவளுடைய உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். சென்னையில் ஒரு வேலை அவளுக்காகக் காத்திருந்தது. என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது. "மார்ச்சுக்கு எத்தன நாள் இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? இப்பப் போய் புதுசா எதையும் கெளப்பாத அருள்."

அவள் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபடியே மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறந்து விட்டுப்போனாள் என்றுதான் முதலில் நினைத்தேன். டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். திருச்சிக்குப் போவதற்கு முந்தைய நாளின் பக்கம். அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் இரண்டே வரி. "வளர்மதி: நேற்றே நிறைந்துவிட்டது. காத்திருக்கும்படி மேடம் சொன்னார்."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். நிறைந்த குடுவைக்குள் உணவில்லாமல் ஒன்றரை நாள் கிடந்த கிருமிகள் செத்து உடைந்திருக்கும். உடைந்தவற்றின் உள்சரக்கு எல்லாம் வெளியே கொட்டியிருக்கும். நாங்கள் குமிழி என்று அள்ளியதில் பாதி அந்தக் குப்பை. கனகாவின் கிருமி சாதுவாக இருந்ததால் அதன் பட்டியல் சின்னதாக இருக்கவில்லை. அதைச் சாகும்வரை நாங்கள் காக்க வைக்கவில்லை. அதனால்தான் சின்னதாக இருந்தது. ஈறை அறுக்கும் நொதிகளில் எத்தனை குமிழியில் வந்தவை, எத்தனை செத்த கிருமியில் இருந்தவை என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பேருந்தில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அந்தச் சீட்டு கமலத்தின் பைக்குள் போனது மட்டும் கண்முன்னால் இருந்தது.

மறுநாள் அருள்செல்வியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யலாம் என்றேன். இந்தத் தடவை ஒவ்வொரு கிருமியையும் அது வளர்ந்து ஒரே நிலைக்கு வரும்போது எடுப்பது, அது வேறு வேறு நாளாக இருந்தாலும் சரி. கருத்தரங்குக்கு வரவில்லை என்று எழுதினேன். அப்போதைய துறைத் தலைவர் கூப்பிட்டு, "சந்தேகம் இல்லாத ஆய்வு எங்கங்க இருக்கு, போய்ப் பேசிட்டு வாங்க" என்றார். போகவில்லை. இதுவரைக்கும் நான் செய்தது சரி என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

ஜாடியை மூடும்போது அருள்செல்வி என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வேணாமா மேடம்?"

"என்னன்னு சொல்றது? உறுதியாத் தெரியட்டும், சொல்லிக்கலாம்."

முதல் தவறைவிட இதுதான் பெரிய தவறு. முதலாவது அறியாமல் நடந்தது. இது அறிந்தே நடந்தது. உறுதியாகத் தெரியாமலேயே வராது என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அதைத் திருப்பிச் சொல்ல மட்டும் உறுதி தேவைப்பட்டது.

வேலை இழுத்தது. ஒரு தடவை ஜாடியின் ரப்பர் வளையம் விரிந்து காற்றுப் புகுந்து, காற்றுப் பட்டால் பிழைக்காத அந்தக் கிருமிகள் எல்லாம் செத்துப்போயின. திரும்ப வளர்க்கப் பத்து நாள். பிறகு சென்ட்ரிஃபியூஜ் கிடைக்க மூன்று வாரம். ஒவ்வொரு நாளும் வந்ததும் பல் மருத்துவமனைக் கவுன்டரில் கனகா வந்தாளா என்று கேட்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரவேண்டியவள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஃபோனை எடுப்பேன், வைத்துவிடுவேன். புதுக் கல்யாணம் ஆன பெண். ஃபோனை மாமியார் எடுத்தால் என்ன சொல்வது? என் வார்த்தையை நம்பி நடந்த கல்யாணம், அதே வார்த்தையால் அந்த வீட்டில் அவளுக்கு இடைஞ்சல் வந்தால்? இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோன நாட்கள் உண்டு.

பொங்கல் கழிந்து நான்காம் நாள் வளர்மதி வந்தாள். ஆடிய நான்கு பற்களையும் எடுத்துவிட்டுச் செயற்கைப் பல் வைத்திருந்தார்கள். முந்தானை தோளில் இருந்தது. ஏலத்தில் இப்போது தன் குரல்தான் மேலே நிற்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். போகிற போக்கில் சொன்னாள்.

"தங்கச்சி மாசமா இருக்காங்க. அஞ்சாவது மாசம். நல்லாருக்கா. பல்லு வெளக்கும்போது மட்டும் ரத்தம் வருதாம்."

"எத்தன நாளா?"

"ஆகும், ரெண்டு மாசம். மாசமா இருக்குறப்ப அப்படித்தான் வரும்னு மாமியா சொல்லிட்டாங்களாம். நீங்கதான் அவளுக்கு ஒண்ணும் வராதுன்னுட்டீங்களே, அதனால நாங்க பயப்படல."

கர்ப்பக் காலத்தில் ஈறில் ரத்தம் வருவது சாதாரணம்தான். அந்தக் கிருமி வாயில் இருக்கும் பெண்ணுக்கு வந்தால் அதைச் சாதாரணம் என்று விட முடியாது. எழுந்து நின்றேன்.  நேராக ஈறு மருத்துவரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் கனகாவிடம் அப்படிச் சொன்னது அவருக்கு அதுவரை தெரியாது. அந்தப் பெண் ஏன் வரவில்லை என்று அவரும் யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் என்னைவிட வயதில் சிறியவர், ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "அத நீங்க எதுக்கு மேடம் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "உடனே கூட்டிட்டு வாங்க. அஞ்சாம் மாசம் சுத்தம் பண்ண நல்ல சமயம். விட்டா அப்புறம் கஷ்டம்" என்றார்.

புதிய பட்டியல் வர இன்னும் பத்து நாள் இருந்தது. கையில் ஒரு முடிவும் இல்லாமல்தான் போகவேண்டியிருந்தது.

மறுநாள் காலை திருவரங்குளத்துக்குப் பேருந்து ஏறினேன். கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. வாசலில் பொங்கல் கோலத்தின் கலர்ப்பொடி பாதி அழிந்து கிடந்தது. கமலம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. என்ன இம்புட்டுத் தூரம்? ஒரு ஃபோன் போட்டிருந்தா நாங்களே வந்திருப்போம்ல. உள்ள வாங்க."

சத்தம் கேட்டுக் கனகா வந்தாள். கன்னம் பூரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் செக்கச்செவேல் என்று ஒரு கோடு ஓடியது. உட்காருவதற்கு முன்பே அது என் கண்ணில் பட்டுவிட்டது.

"கனகாகிட்ட கொஞ்சம் பேசணும்ங்க" என்றேன்.

"பேசுங்க, பேசுங்க. நான் காப்பி போடுறேன்" என்று கமலம் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். பேருந்தில் வரும்போது நான் வேண்டிக்கொண்டு வந்த தருணம் தானாக அமைந்துவிட்டது. தனியாகச் சொல்லிவிட்டால் கனகா பாடு, அவளாகப் பார்த்து வீட்டில் சொல்லிக்கொள்வாள். கனகா என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ தெரியவில்லை.

"அத்தை, நீங்களும் இருங்க." என்னிடம் திரும்பிச் சொன்னாள். "எதுவா இருந்தாலும் அத்தைகிட்ட நான் திருப்பிச் சொல்லித்தானே ஆகணும். நான் சொன்னா பாதிய விட்ருவேன். நீங்களே சொல்லிருங்க."

கமலம் முறத்தோடு நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் வராதுன்னு சொன்னேன்ல" என்று ஆரம்பித்தேன். "அது தப்புங்க. வரும்னும் நான் சொல்ல வரல. வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே சொல்லிட்டேன்."

கமலம், "படமெல்லாம் போட்டுக் காமிச்சீங்களே" என்றார்.

"ஆமா. அந்தப் பரிசோதனைல அக்காவோட கிருமியத் தேவைக்கு மேல காக்கவச்சு எடுத்துட்டோம். அதுல செத்துப்போன கிருமியோட சரக்கும் கலந்துருச்சு. அதான் அவ்வளவு பெருசாத் தெரிஞ்சுது. காக்கவைக்கச் சொன்னது நான்தான்."

"அப்பவே ஒங்களுக்குத் தெரியாதா?"

"கூட வேல பாக்குற பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. கேட்டுச்சு. நான் காதுல வாங்கல."

"இது தப்புன்னு எப்பத் தெரிஞ்சது?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "ரெண்டு மாசம் ஆச்சுங்க" என்றேன்.

கமலம் முறத்தைக் கீழே வைத்தார். "நீங்க தெரியாதுன்னே சொல்லிருந்தாலும் இந்தப் பொண்ணத்தான் கட்டிருப்போம். எம்மகன் வேற எடம் பாக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னான். நான் எதுக்குக் கேட்டேன்? வர்றதுன்னா முன்கூட்டியே பாத்துக்கலாம்னு கேட்டேன். நீங்க வராதுன்னதும் பாக்காம விட்டுட்டோம். ரத்தம் வருது அத்தைன்னு இவ வந்து சொன்னப்ப, டாக்டரம்மாவே ஒண்ணுமில்லைன்னுட்டாங்கன்னு நான்தான் ஒக்கார வச்சேன். ரெண்டு மாசமா."

அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு பேசினார். என்னால் தலை நிமிர முடியவில்லை. முறத்தில் கிடந்த அவரைக்காய்த் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனகாதான் எழுந்தாள். "இப்பப் போனா டாக்டர் இருப்பாங்களா? பதினொரு மணி பஸ் இருக்கு. அத்தை, நீங்க சேலை மாத்திட்டு வாங்க, போய்ட்டு வந்துருவோம்."

மூன்று பேரும் அந்தப் பேருந்தில் வந்தோம். இருவரும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் கமலம் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது மட்டும், படி உயரமாக இருக்கிறது என்று என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

கனகாவின் கடைவாய்ப் பற்கள் மூன்றில் ஈறு பல்லைவிட்டு ஆழமாகப் பிரிந்திருந்தது. இரண்டு தடவையாக மருத்துவர் சுத்தம் செய்தார். பிரசவம் நல்லபடி நடந்தது. மூன்றில் ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, அடுத்த வருடம் எடுத்தார்கள். மற்ற இரண்டும் நின்றுவிட்டன. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் மூன்றும் நின்றிருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலை எனக்காக இளக்கிச் சொன்னாரா என்று இன்றும் தெரியாது.

பத்து நாள் கழித்துப் பட்டியல் வந்தது. ரைபோசோம் புரதங்கள் இரண்டிலும் அநேகமாகக் காணாமல் போயிருந்தன. ஈறை அறுக்கும் நொதிகள் இருவர் கிருமியின் குமிழியிலும் இருந்தன. ஒரு நொதி கனகாவுடையதில்தான் கொஞ்சம் கூடுதல். இரண்டு வகைக்கும் வித்தியாசம் இல்லாமல் இல்லை. இரும்பைப் பிடித்துவைக்கும் புரதங்களிலும் வேறு சிலவற்றிலும் உண்மையான வித்தியாசம் இருந்தது. ஆனால் வளர்மதியின் எலும்பு ஏன் கரைந்தது என்பதற்கு அந்த வித்தியாசம் பதில் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

அருள்செல்வி மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்துக் கொடுத்தாள். சென்னை வேலை அதற்குள் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம்" என்றாள். பரவாயில்லை என்பது அவள் முகத்தில் இல்லை. இப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறாள். நிறைந்த குடுவையைக் காக்க வைக்கும்படி யார் சொன்னாலும் புதிதாகச் சேருகிறவர்கள் மறுக்கலாம் என்று அங்கே எழுதி ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

கனகா அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வருகிறாள். மாதிரி கொடுக்க நம் ஆய்வகத்துக்கும் வருவாள். சில தடவை கமலமும் வருவார். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பதற்கு முன்னால் கனகா ஒன்று கேட்பாள். "இனிமே வராதுல்ல?" அவளுக்கு விஷயம் தெரியும், கமலத்துக்கும் தெரியும், இருந்தாலும் கேட்பாள். ஆறு வருடமாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். தெரியாதும்மா, இப்ப நல்லாருக்கு, மூணு மாசம் கழிச்சு வாங்க. அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் முகம் லேசாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைப் பார்க்கப் பொறுக்காமல் வேறு ஏதாவது சொல்லிவிடத் தோன்றும்.

நான் ஓய்வு பெற்றபின் அவள் வரப்போவது அடுத்த மாதம் இரண்டாவது வாரம். மாதிரி எடுக்க உங்களில் யாராவது ஒருவர்தான் இருப்பீர்கள். கேட்பாள்.